மறுபடி வரச் சொல்லு

கோளாறு சரியாகிவிட்டது என்று சொன்னதும் முகம் சுருங்கிப் போகிற ஒரே மனுஷியை நான் ஒரகடத்து ஆலையில்தான் பார்த்தேன். மற்றவர்கள் "அப்பாடா" என்று நாற்காலியில் சாய்வார்கள். அவர் மட்டும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "எப்புடி சரியாச்சு?" என்பார். "தெரியல மேடம், தானா சரியாயிடுச்சு" என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். "தானா போனது தானா வரும். மறுபடி வரச் சொல்லு, பாக்கலாம்" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். வரவழைத்துப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டார்.

கார் ஓட்டுபவருக்கு எதிரே வேகம் காட்டுகிற கருவி இருக்கிறதே, அதற்குள் வைக்கும் மின் பலகைகளைச் செய்கிற ஆலை அது. நான் ஷிஃப்ட் சூப்பர்வைசர். அவர் டெஸ்டிங் பிரிவு இன்ஜினியர். லைனை ஓட வைப்பது என் வேலை, அதை நிறுத்துவது அவர் வேலை என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "எந்த காரணத்துக்கு எழுதின?" என்று தன் ஊர் மணிமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்து கேட்பார். பதில் சொல்லி மாளாது.

லைனின் கடைசியில் ஒரு கம்ப்யூட்டரும், ஊசிகள் நட்ட ஒரு தட்டும் இருக்கும். செய்து முடித்த பலகையை ஊசித்தட்டின்மேல் வைத்து மூடியை அழுத்தினால், கம்ப்யூட்டர் ஒவ்வொரு இடமாக மின்சாரத்தை அளந்து பார்க்கும். சரியென்றால் பச்சை விளக்கு, தவறென்றால் சிவப்பு. எதை அளக்க வேண்டும், எவ்வளவு இருக்க வேண்டும் என்கிற நிரல் பைத்தான் மொழியில் இருந்தது. தெரிந்தவர்கள் யாரும் திறந்து படிக்கலாம். ஆனால் கம்ப்யூட்டருக்குள் இருந்து அளக்கிற கார்டோடு நேரடியாகப் பேசுகிற பகுதி அப்படி இல்லை. அதை சி மொழியில் எழுதி, கம்ப்யூட்டருக்கு மட்டும் புரிகிறபடி கம்பைல் செய்து, ஒரே ஒரு மூடிய ஃபைலாக வெளி நிறுவனத்தார் கொடுத்திருந்தார்கள். திறந்து பார்த்தால் கட்டமும் கோடும்தான் தெரியும்.

"மேல கீறது அரிசி சார். கீழ கீறது மாவு," என்று பைத்தான் நிரலையும் மூடிய ஃபைலையும் காட்டி அவர் எனக்கு விளக்கினார். "அரிசின்னா கல்லு கீதான்னு பொறுக்கிப் பாக்கலாம். மாவுல இன்னாத்த பொறுக்குவ? எந்த மிஷின்ல அரைச்சான், கூட இன்னா போட்டு அரைச்சான், ஒண்ணும் தெரியாது. வாயில போட்டாத்தான் தெரியும்."

அதன்பின் எங்கள் ஆலையில் அந்த ஃபைலுக்கு மாவு என்றே பெயராகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து உட்காரும் மீட்டிங்கிலும் மேனேஜர் மறதியாக மாவு என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். எங்கள் மேடமோ நாக்கைக் கடிக்கிற ஜாதி இல்லை. அந்த மீட்டிங்குகளிலும் தன் மணிமங்கலத்துத் தமிழில்தான் பேசுவார். ஒருமுறை மேனேஜர், "கொஞ்சம் இங்கிலீஷ்ல சொல்லுங்க மேடம், அவங்களுக்குப் புரியணும்ல" என்றார். "கோளாறு பண்ணது நம்ம ஆளுங்கோ சார். மொதல்ல இவங்களுக்குப் புரியட்டும். அவங்களுக்கு நீங்க சொல்லிக்குங்க" என்று தொடர்ந்து பேசினார். மேனேஜர் அன்றைக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை பார்த்தார்.

நான் சேர்ந்த புதிதில் நாலாவது லைனுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. நிரலை ஓட்டினால் மாவு ஃபைல் கிடைக்கவில்லை என்று திரையில் ஒரு வரி வந்து நின்றுவிடுகிறது. ஃபைலோ கண்ணெதிரே ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர் பிரிவு ஆள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அதே வரி. கடைசியில் இவரைக் கூப்பிட்டோம்.

பார்த்துவிட்டுச் சிரித்தார். "இல்லன்னு சொல்றது இத்த இல்ல சார். இதுக்கு ஒரு கூட்டாளி கீறான். அவன் இல்லாம இது உள்ள வராது. அவன் பேர சொல்லத் தெரியாம, தன் பேரையே சொல்லிக்கினு வாசல்ல நிக்குது."

மாவை அரைத்த கம்பைலரோடு சேர்ந்து வர வேண்டிய துணை ஃபைல் ஒன்றைப் பழைய கம்ப்யூட்டர்களில் எப்போதோ யாரோ போட்டு வைத்திருந்தார்கள். புதியதில் அது இல்லை. தன் அடையாள அட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்த பென் டிரைவிலிருந்து அதை எடுத்துப் போட்டார். நிரல் ஓடியது. பச்சை விளக்கு எரிந்தது. நாங்கள் கைதட்டினோம். கைதட்டி முடிப்பதற்குள் அந்த ஃபைலை எடுத்துவிட்டார்.

"என்ன மேடம் பண்றீங்க?" என்று கத்தினேன். லைனில் இருபது பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"இது போட்டதால ஓடிச்சா, அவரு மூணு தபா ஏத்தினதால ஓடிச்சான்னு தெரிய வேணாமா?" என்றார். எடுத்ததும் பழைய வரி திரும்ப வந்தது. திரும்பப் போட்டார், ஓடியது. அதோடு விட்டாரா? இன்னொரு தடவை எடுத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சோறு பொங்கி இறக்கி வைத்தபின் தண்ணீர் ஊற்றி மறுபடி அடுப்பில் ஏற்றுகிற பெண்பிள்ளை என்று கேன்டீனில் அவரைப் பற்றிப் பேசினேன். அது அவர் காதுக்குப் போனது. "வெந்துச்சான்னு தெரியாத சோத்த அவருக்கு வேணா போடுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டிலும் இதே கதைதான். கிணற்று மோட்டார் அடிக்கடி நின்றுபோகிறது என்று எலக்ட்ரீஷியனை அழைத்திருக்கிறார். அவர் ஏதோ திருகிவிட்டு, மோட்டார் ஓடியதும் கிளம்பப் பார்த்தார். இவர் கேட்டைச் சாத்திக்கொண்டு, "எது லூஸா இருந்துச்சு, அத்த மறுபடி லூஸாக்கி நிறுத்திக் காட்டு" என்றாராம். அந்த மனிதர் அதற்குப் பிறகு மணிமங்கலத்துக்கே வருவதில்லை என்று ஊரில் கேலி செய்தார்கள். இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

சிரிக்க முடியாத ஒன்றையும் அவரே சொல்லியிருக்கிறார். எங்கள் கம்பெனி பஸ்ஸில் நான் படப்பையில் இறங்குவேன், அவர் அதற்கு முன்பே மணிமங்கலம் திரும்புகிற இடத்தில் இறங்குவார். ஒருநாள் பக்கத்துப் பக்கத்து இருக்கை. பேச்சு எங்கெங்கோ போய் அவர் கணவரில் வந்து நின்றது. இரண்டு வருடம் சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்த மனிதர் ஒருநாள் காலையில் பையோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார்.

"நான் சரியாயிட்டேன்னாரு. எப்புடி சரியான, எதுக்கு போன, அத்த சொல்லிட்டு உள்ள வான்னேன். தெரியலன்னாரு. காரணம் தெரியாம வந்தவரு காரணம் தெரியாம போயிடுவாரு சார். குன்றத்தூர்ல அவரு அக்கா வூடு கீது. அங்க போயி யோசிச்சுட்டு வான்னு அனுப்பிட்டேன்."

"வந்தாரா?"

"இன்னும் யோசிச்சுக்கினு கீறாரு."

 இந்தப் பெண்மணிக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா என்று தோன்றியது.  ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இவரைப் பற்றி எழுதுவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

ஒரு மே மாதம், மாவு கொடுக்கிற நிறுவனத்திலிருந்து ஒருவர் புது ஃபைலோடு வந்தார். இரண்டாவது லைனில் போட வேண்டும், நிரலை நிறுத்தி மறுபடி ஓட்ட வேண்டும் என்றார். நிறுத்தினால் அளக்கும் கார்டு சூடேறி நிலைக்கு வர முக்கால் மணி நேரம் ஆகும். எங்கள் ஆலையில் என்ன நடந்தாலும் லைன் மட்டும் நிற்கக் கூடாது. மேனேஜரின் உத்தரவு அது. அறை வாசலிலேயே எழுதி ஒட்டியிருந்தார். பத்து நிமிடம் நின்றாலும் அவர் முன்னால் போய்க் காரணம் சொல்ல வேண்டும். அதனால் மூன்று ஷிஃப்டும் அந்தக் கம்ப்யூட்டர்களை யாரும் அணைப்பதே இல்லை. "நிறுத்தாம போடுங்க" என்றேன். அவர் பழைய ஃபைலின் பெயரை மாற்றி ஒதுக்கி வைத்துவிட்டு, புதியதை அந்த இடத்தில் போட்டார். "எப்ப நிறுத்தி ஓட்டினாலும் புதுச தானா எடுத்துக்கும் சார்" என்று சொல்லிப் படிவத்தை நீட்டினார். 'மாற்றிய பின் ஓட்டிப் பார்த்தேன், சரியாக உள்ளது' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். லைன் ஓடிக்கொண்டுதானே இருந்தது. ஓடியது கம்ப்யூட்டரின் நினைவில் ஏற்கெனவே ஏறியிருந்த பழைய மாவு என்பது என் மண்டையில் உறைக்கவில்லை. புதியது டிஸ்கில் சும்மா தூங்கியது. நானும் மறந்து போனேன்.

அந்தக் கம்ப்யூட்டர்கள் வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் அணையும். அது ஆயுத பூஜை.

அன்றைக்கு லைன் பெண்கள்தான் எல்லாம். வாழைக்கன்று கட்டி, மாவிலை தொங்கவிட்டு, எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை பங்கு போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்து அமர்க்களப்படுத்துவார்கள். இரண்டாவது லைனில் டெஸ்ட் மெஷினைப் பார்த்துக்கொண்ட பெண் முத்துமாரி. கோவில்பட்டிப் பக்கம். காண்ட்ராக்ட் வேலை. ஒரகடத்தில் ஒரு அறையில் ஐந்து பெண்களோடு தங்கியிருந்தாள். தம்பி படிப்பு இவள் தலையில்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் அவள் தன் மெஷினைக் கல்யாணப் பெண்போல ஜோடித்தாள். ஊசித்தட்டின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தாள்.

விடுமுறை முடிந்து மெஷின்களைப் போட்டோம். இரண்டாவது லைனில் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. நல்ல பலகைகள் தோற்றன. தோற்ற பலகையை மறுபடி வைத்தால் சில சமயம் பச்சை, சில சமயம் சிவப்பு. மேனேஜர் வந்து குனிந்து பார்த்தார். ஊசித்தட்டில் குங்குமம் கண்ணில் பட்டது. அவ்வளவுதான், தீர்ப்பு வந்துவிட்டது. "குங்குமப் பொடி ஊசிக்குள்ள இறங்கியிருக்கு. யாரு வச்சது?"

"நாந்தான் சார் வச்சேன்," என்றாள் முத்துமாரி. "எல்லா மிஷினுக்கும் வச்சிட்டு இதுக்கு மட்டும் வைக்காம எப்படி சார் இருக்கது?"

இரண்டு நாள் இப்படியே ஓடியது. மூன்றாம் நாள் மெஷினை அணைத்து ஊசிகளைக் கழற்றிச் சுத்தம் செய்ய மெயின்டனன்ஸ் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் ஊசி துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் கம்ப்யூட்டரை மட்டும் போட்டு ஃபோல்டரைத் திறந்தேன். பழையது, புதியது என இரண்டு மாவு ஃபைல்கள்.  மே மாதமும் படிவமும் என் கையெழுத்தும் ஒருசேர ஞாபகத்துக்கு வந்தன. அந்தப் பூஜை மாதம்தான் என் பதவி உயர்வு மேனேஜர் மேஜையில் இருந்தது. சுற்றிப் பார்த்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. பெயர்களை மாற்றிப் பழைய மாவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு எழுந்தேன்.

மெஷினைப் போட்டதும் எல்லாம் பச்சை. மெயின்டனன்ஸ் ஆட்கள் முதுகில் தட்டிக்கொண்டார்கள். குங்குமம்தான் என்று முடிவாகிவிட்டது. மேனேஜர் காண்ட்ராக்டரை அழைத்து, வெள்ளிக்கிழமை மீட்டிங் முடிந்ததும் அந்தப் பெண்ணை அனுப்பிவிடலாம் என்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவம் நான், பழி அவள். நான் வாயைத் திறக்கவில்லை. கோளாறுதான் போய்விட்டதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் மேடம் வந்தார். ஒரு வாரம் விடுப்பில் இருந்தவர். விஷயத்தைக் கேட்டார். "சரியாயிடுச்சு மேடம்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். முகம் சுருங்கியது.

"குங்குமத்தாலயா?"

"ஆமா."

"சரி. குங்குமம் கொண்டா."

பூஜை அலமாரியிலிருந்து முத்துமாரி கொண்டுவந்தாள். மேனேஜர் பார்க்கப் பார்க்க, அவள் கையாலேயே ஊசித்தட்டில் முன்பு வைத்த இடத்திலேயே வைக்கச் சொன்னார். பிறகு ஊசிகளின் மேலேயே ஒரு சிட்டிகை தூவினார். பலகையை வைத்தோம். பச்சை. இன்னொரு பலகை. பச்சை. ஐம்பது பலகை போனது. ஒன்றுகூடச் சிவக்கவில்லை.

"வரலியே சார்," என்றார் மேனேஜரிடம். "அப்ப போனது இதால இல்ல."

"போயிடுச்சுல்ல மேடம். விடுங்களேன்."

"கோளாறு போச்சு. அதோட இந்தப் பொண்ணும் போவுதே."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்குப் பேசலாம் என்று போய்விட்டார். இவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு லைனிலும் எந்த மாவு ஓடுகிறது, அதன் அளவு என்ன என்று ஒரு கோடு போட்ட நோட்டில் குறித்து வைத்திருப்பார். அதைத் திறந்து ஒப்பிட்டார். ஓடுகிற ஃபைல் நோட்டில் இருந்தபடியே இருந்தது. பக்கத்தில் நோட்டில் இல்லாத இன்னொன்றும் இருந்தது. அதை வெகுநேரம் பார்த்தார். நான் தேநீர் குடிக்கப் போவதுபோல நழுவினேன்.

சாயங்காலம் பஸ்ஸில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.  மணிமங்கலம் திரும்புகிற இடம் நெருங்கியபோது மடியில் இருந்த டிபன் பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மே மாசத்துப் படிவம் ஃபைல் ரூம்ல கீது சார். பாத்தேன்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நான் அவசரமாக வாயைத் திறந்தேன்.

"மேடம், நான் வேணும்னு..."

"நான் இப்ப ஒண்ணும் கேக்கல. நாளைக்கு மீட்டிங்ல கேப்பேன். பதில நீங்க சொல்றீங்களா, நான் சொல்றதான்னு மட்டும் யோசிச்சு வைங்க."

"எனக்கு ப்ரமோஷன் இருக்கு மேடம். வீட்டுல..."

"அவளுக்கும் வூடு கீது சார்," என்று எழுந்து இறங்கிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை. மேனேஜர், காண்ட்ராக்டர், மெயின்டனன்ஸ் ஆட்கள், நான். முத்துமாரி கதவோரம் நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. குங்குமம் காரணமில்லை என்றால் வேறென்ன என்று மேனேஜர் சலிப்போடு கேட்டார்.

"அனுப்புனவங்களே மறுபடி வரவழைக்கட்டும் சார்," என்றார் இவர். என் பக்கம் பார்க்கவே இல்லை. அந்த அறையில் என்னைப் பார்க்காத ஒரே ஆள் அவர்தான் என்று எனக்குத் தோன்றியது. உண்மையில் யாருமே பார்க்கவில்லை.

நான் எழுந்தேன். "வாங்க சார், காட்டறேன்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது.

எல்லோரும் லைனுக்குப் போனோம். நிரலை நிறுத்தினேன். அந்த ஆலையில் ஒரு சூப்பர்வைசர் தன் கையால் லைனை நிறுத்தியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். புது மாவை அதன் இடத்தில் வைத்தேன். மறுபடி ஓட்டினேன். முக்கால் மணி நேரம் கார்டு சூடேறும் வரை எல்லோரும் நின்றோம்.  பிறகு முத்துமாரி பலகையை வைத்தாள். பச்சை. அடுத்தது பச்சை.  வராவிட்டால் என்ன செய்வேன் என்று பயந்தேன். கோளாறு வர வேண்டும் என்று அப்படி வேண்டிக்கொண்டது என் வாழ்நாளில் அன்று ஒருநாள்தான். நாலாவது பலகை. சிவப்பு.

பழைய மாவை வைத்தேன். இன்னொரு முக்கால் மணி நேரம். அதே நாலாவது பலகை. பச்சை.

இப்போது அவர் முன்னால் வந்து பைத்தான் நிரலைத் திறந்து ஒரு வரியைக் காட்டினார். அளப்பதற்கு முன் அரை வினாடி பொறு என்று அதில் இருந்தது. "நம்ம அரிசி அரைன்னு சொல்லுது. பழைய மாவு அரைய அரையாவே வாங்கிக்கும். புது மாவ அரைச்சவன் முழு எண்ணு மட்டும் வாங்கற மாதிரி அரைச்சிட்டான். அரைய உள்ள வாங்கி, புள்ளிக்கு அப்பால கீறத தூக்கிப் போட்டுட்டு, சைபர்னு வெச்சிக்குது. பொறுக்காமலே அளக்குது. கரண்டு நிலைக்கு வர்றதுக்குள்ள அளந்தா நல்ல பலகையும் தோக்கும். அவ்ளோதான்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் பதவி உயர்வு எரிந்து சாம்பலாகியது. "ரிப்போர்ட்ல எழுதுங்க மேடம். காரணம், சூப்பர்வைசரோட தவறு. பேரு போட்டுடுங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எழுதட்டும், நியாயம்தான் என்று நினைத்தேன். அவர் பேனாவை எடுத்து, யோசித்து, காரணம் என்ற இடத்தில் எழுதினார். எட்டிப் பார்த்த மேனேஜரின் முகம் சிவந்தது. 'லைனை நிறுத்தக் கூடாது என்ற உத்தரவு' என்று எழுதியிருந்தார்.

"என்ன மேடம் இது? இவரைக் காப்பாத்தறீங்களா?"

"இவர காப்பாத்த எனக்கு இன்னா சார் வேண்டுதலா? சோத்துக் கத சொன்ன ஆளு இவரு." என் கன்னம் எரிந்தது. "ஆள எழுதினா ஆளு போயிடுவாரு. கோளாறு இங்கியே இருக்கும். சந்தேகம்னா இவர வூட்டுக்கு அனுப்பிட்டு வேற ஒருத்தர வைங்க. நிறுத்தாதன்னு சொல்லுங்க. இதே கோளாற நான் மறுபடி வரவழைச்சுக் காட்டறேன்."

"மாத்தி எழுதுங்க."

"மாத்தி எழுதினா நீங்க கையெழுத்து போட்டுக்குங்க சார். நான் போட மாட்டேன்."

அந்தக் காகிதம் மூன்று வாரம் மேஜைக்கு மேஜை அலைந்தது. மாற்றி எழுதியதில் மேடம் கையெழுத்துப் போடவில்லை. கடைசியில், மாவை மாற்றினால் லைனை நிறுத்தி மறுபடி ஓட்டிப் பார்த்தே தீர வேண்டும் என்று மேனேஜரே ஒரு உத்தரவு எழுதினார். அவர் அறை வாசலில் ஒட்டியிருந்த பழைய உத்தரவு ஒருநாள் சத்தமில்லாமல் காணாமல் போனது. முத்துமாரி வேலையில் இருந்தாள். எனக்கு உயர்வு இல்லை. அவரை டெஸ்டிங்கிலிருந்து தூக்கி, வெளியிலிருந்து வரும் சரக்கைச் சோதிக்கிற ஸ்டோருக்கு அனுப்பினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஸ்டோருக்குப் போய் ஒரு மன்னிப்பாவது கேட்போம் என்று போனேன். கேட்க விடவில்லை. "நீங்க வரவழைச்சீங்க இல்ல, அது போதும்" என்று அட்டைப் பெட்டியைப் பிரித்துக்கொண்டே சொன்னார். இவரையா ஈரமில்லாதவர் என்று நினைத்தேன் என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அறிவிப்புப் பலகையில் ஒரு நோட்டீஸ். மெஷின்களின் மேல் சந்தனம், குங்குமம் வைக்கக் கூடாது.  பூஜையன்று பெண்கள் தரையில் கோலம் மட்டும் போட்டார்கள். முத்துமாரி குங்குமத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் மெஷின் பக்கத்தில் நின்றாள்.

ஸ்டோரிலிருந்து அவர் வந்தார். கழுத்தில் வழக்கமான சின்னச் சிலுவை. நெற்றி எப்போதும்போலத் துடைத்து வைத்தமாதிரி இருந்தது. மணிமங்கலத்தில் அவர்கள் வீட்டில் யாரும் பொட்டு வைத்து நான் பார்த்ததில்லை. நேரே முத்துமாரியிடம் போனார்.

"தட்ட கொண்டா."

மேனேஜர் வேகமாக வந்தார். "மேடம், நோட்டீஸ் பாக்கலையா?"

"பாத்தேன் சார். காரணம் போடலியே."

கட்டைவிரலைக் குங்குமத்தில் அழுத்தி, ஊசித்தட்டின் நெற்றியில், போன வருடம் அந்தப் பெண் வைத்த அதே இடத்தில் வைத்தார். பழக்கமில்லாத விரல். பொட்டு கோணிக்கொண்டு போனது.

"எனக்கு வரல. நீ சரி பண்ணு," என்றார் முத்துமாரியிடம். அவள் மோதிர விரலால் அதை வட்டமாக்கினாள். மேனேஜர் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மற்ற பெண்கள் ஒவ்வொருவராகத் தட்டில் கை வைத்தார்கள்.

விடுமுறை முடிந்த காலையில் மெஷின்களைப் போட்டோம். கார்டு சூடேறும் நேரத்தில் அவர் ஸ்டோருக்குப் போகாமல் இரண்டாவது லைனுக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேனேஜரும் வந்திருந்தார். முத்துமாரி முதல் பலகையை வைத்து மூடியை அழுத்தினாள். பச்சை. நான் கைதட்டப் போனேன்.

"இன்னொண்ணு வை," என்றார் அவர்.

நூறு பலகை பச்சையாகப் போகும் வரை அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. நடுவில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நகரப் போன மேனேஜரையும், "இருங்க சார், பாத்துட்டுப் போங்க" என்று பக்கத்திலேயே நிறுத்தி வைத்துக்கொண்டார்.